நூறு சுற்றுக்கு ஒரு கொட்டை

என் அப்பா காளியப்பனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. முப்பது ஆண்டுகளில் முப்பத்தோரு மின்சார கிட்டார்கள் செய்தார். ஒவ்வொன்றையும் முடித்ததும் ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒருமுறை மீட்டுவார். பிறகு உள்ளங்கையால் அடக்குவார். அவர் வாசிப்பு அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்டதும் சமையலறையில் அம்மா பாலை அடுப்பில் வைப்பாள். வேலை முடிந்தது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பால் அடுப்பில் ஏறாத நாட்களும் உண்டு. அன்று பால் வரவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

முப்பத்திரண்டாவது கிட்டார் முடியவில்லை.

இந்த வருடம் பங்குனியில், ஒரு புதன்கிழமை மதியம், அதன் கடைசிக் காயிலுக்குச் செம்புக் கம்பியைப் பாதி சுற்றியிருந்தார். சாப்பிட எழுந்தார். கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. வயது அறுபத்து நான்கு. நான் சேலத்திலிருந்து ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான வாழவந்திக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. காயில் சுற்றும் மெஷினை யாரோ ஒரு துண்டால் மூடியிருந்தார்கள்.

அப்பா எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். அவரைப் பெற்றவர்கள் காப்பி பறிக்க ஓமலூர்ப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பழத்தைத் தோல் உரிக்கும் பல்ப்பர் ஹவுசில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மோட்டார் அடிக்கடி எரியும். எரிந்த மோட்டாரோடு அவரைத்தான் சேலத்துக்கு அனுப்புவார்கள். காயில் கட்டி முடியும்வரை கடையிலேயே நின்று பார்ப்பார். மூன்றாவது தடவை மோட்டார் எரிந்தபோது சேலத்துக்குப் போகவில்லை. தானே கட்டினார். அதன்பிறகு எஸ்டேட்டின் மோட்டார், பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் புத்தாண்டுக் கச்சேரி. மாலை ஒத்திகையில் கிட்டார் ஊமையாகிவிட்டது. எலக்ட்ரீசியன் கேட்டு எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அப்பா போனார். கிட்டார்க்காரருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பெயர் சத்யராஜ், அடிவாரத்துக்காரர். பகலில் டாக்சி ஓட்டுவார், விசேஷ நாட்களில் கச்சேரி. அன்று நடந்ததை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

"உங்கப்பா கிட்டாரத் திருப்பித் திருப்பிப் பாத்தாருங்க அம்முணி. 'ஏனுங்க, இதுல மோட்டார் எங்கீங்க'ன்னாரு. 'அண்ணா, இது கிட்டாருங்க, இதுல மோட்டார் இல்லீங்க'ன்னேன். கழட்டிப் பாத்துட்டு, 'காயில் இருக்குது, காந்தம் இருக்குது. அப்பறம் என்னங்க? மோட்டார்தான். சுத்தாத மோட்டார்'னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. போச்சுடா, கிட்டார இன்னிக்கு ஊத்தி மூடிட்டாருன்னு."

ஊத்தி மூடவில்லை. கிட்டார் கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய காயில்தான். கம்பி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். ஆம்ப் அதைப் பெரிதாக்கிச் சத்தமாக்கும். அந்தக் காயிலின் முனை அறுந்திருந்தது. அப்பா பற்றவைத்துக் கொடுத்தார். கச்சேரி நடந்தது. அப்பா வீட்டுக்குத் திரும்பாமல் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றாராம். தான் தொட்ட காயில் பேசியதை அன்றுதான் முதலில் கேட்டார். மோட்டார் பேசாது.

மறு வருடமே ஒரு கிட்டார் செய்தார். எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில். வெட்டி இரண்டு மாதம்கூட ஆகாத பலகை. ஆடி மழையில் கழுத்து வளைந்துவிட்டது. சத்யராஜ் அதைக் கையில் வாங்கி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"அண்ணா, இதுல அம்பு உடலாமுங்க. பாட்டு வாசிக்க முடியாது."

அப்பா அதை விறகாக்கவில்லை. இன்றும் பரண்மேல் இருக்கிறது.

அதன்பிறகு சில்வர் ஓக்கைத் தொடவில்லை. உடலுக்குப் பலா. கழுத்துக்கு, பழைய பங்களாக்களை இடித்தபோது கிடைத்த தேக்குச் சன்னல் சட்டம். விரல் ஓடும் மேல்பலகைக்கு, உடைந்த கட்டில்களின் தோதகத்தி, அதாவது ஈட்டி மரச் சட்டம். ஐம்பது வருடம் வீட்டுக்குள் இருந்த மரம் இனிமேல் எதற்கும் வளையாது என்பார். பலாவை மட்டும் புதிதாக வாங்கிக் காயவைப்பார். எங்கே? காப்பி காயும் களத்தில். காப்பி விரித்திருக்கும் களத்தின் ஓரத்தில் அவர் பலகைகளும் வெயில் காயும். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா காளியப்பா, இது காப்பிக் களமா, மரக்கடையா?"

"ரெண்டும் காயறதுதானுங்களே."

"மழ வந்தா மொதல்ல எத எடுப்ப?"

"காப்பியத்தானுங்க."

சொன்னபோதே பலகை ஒன்று அவர் அக்குளில் இருந்தது. மலையில் அன்று தூறல் ஆரம்பித்திருந்தது. இந்தக் கதையை அந்த ரைட்டரே காரியத்துக்கு வந்து சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். முடிக்கும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆம்பையும் அப்பாவே செய்தார். பழைய வால்வு ரேடியோவின் டிரான்ஸ்பார்மர், மைக் செட்டுக்காரர் தூக்கிப்போட்ட பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், வேப்பம்பலகைப் பெட்டி. சுவிட்சைப் போட்டால் வால்வு சூடாக ஒரு நிமிடம் ஆகும். மார்கழியில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் கையைப் பெட்டியின் பின்பக்கம் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார். சூடான தூசும் அரக்கும் கலந்த ஒரு வாடை வரும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருவிலேயே அந்த வாடை அடித்தால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று பொருள்.

பிக்கப் காயிலுக்கு நாற்பத்தாறு கேஜ் செம்புக் கம்பி. தலைமுடியைவிட மெல்லியது. ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று போகும். பழைய தையல் மெஷினின் சக்கரத்தைக் கழற்றி, கையால் சுற்றும்படி ஒரு மெஷின் செய்து வைத்திருந்தார். சுற்று குறைந்தால் சத்தம் மெலிந்து கீச்சிடும். கூடினால் கனத்து மந்தமாகும். எந்த மரத்துக்கு எத்தனை சுற்று என்பதை உடலை விரல்முட்டியால் தட்டிப் பார்த்து முடிவு செய்வார். மூன்று பிக்கப்பில் கழுத்துப் பக்கம் ஒரு கணக்கு, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று.

நான் பொறியியல் படிக்கப் போனேன். அளவைக் கருவிகள் பற்றிய படிப்பு. சேலத்தில் விடுதி. அப்பா ஒவ்வொரு காயிலையும் முடித்ததும் மீட்டரை வைத்து அதன் மின்தடையை அளந்து எனக்குப் போன் செய்வார். கிலோ ஓம் கணக்கு; சுற்று கூடக் கூட அந்த எண்ணும் கூடும். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கமாட்டார்.

"அஞ்சு பாயிண்ட் ஒம்போது, சாமி."

"நல்லாயிருக்குதுப்பா."

"சாப்புட்டியா?"

"ஆச்சுப்பா."

எங்கள் பேச்சு அதுதான். நான்கு வருடம். வேறு எதைப் பற்றியும் பேசவேண்டிய தேவை எங்களுக்கு இருந்ததில்லை.

இறுதி ஆண்டில், மார்கழியில் ஒரு காயில் சுற்றினார். அஞ்சு பாயிண்ட் எட்டு என்றார். எட்டாயிரம் சுற்று என்றார். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அதை வாங்கிக்கொண்டு போனேன். பெட்டியிலேயே கிடந்தது. ஏப்ரலில் கல்லூரி ஆய்வகத்தில் நல்ல மீட்டர் ஒன்று வந்திருந்தது. அளந்தேன். ஆறு பாயிண்ட் மூன்று. போன் செய்தேன்.

"அப்பா, எண்ணிக்கைய உட்டுட்டீங்க. அறுநூறு சுத்து கூட இருக்குது."

"இல்லியே சாமி, எண்ணித்தானே சுத்துனேன்."

"மீட்டர் பொய் சொல்லாதுப்பா. வயசாவுதில்ல, நடுவுல உட்டுருப்பீங்க."

 "செரி சாமி. சாப்புட்டியா?" என்றார்.

அதோடு எண் சொல்வது நின்றது. போன் மட்டும் வரும். "காயில் நல்லா வந்துருக்குது" என்பார். எத்தனை என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. ஒன்பது வருடம்.

ஊருக்கு வந்தபோது மெஷின் பக்கத்தில் ஒரு டின்னும் ஒரு பித்தளை டம்ளரும் புதிதாக இருந்தன. டின்னில் பச்சைக் காப்பிக் கொட்டை. எத்தனை நூறு சுற்று வேண்டுமோ அத்தனை கொட்டைகளை முதலில் டின்னில் எண்ணிப் போட்டுக்கொள்வார். நூறு சுற்றுக்கு ஒருமுறை டின்னிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து டம்ளரில் போடுவார். டின் காலியானால் காயில் முடிந்தது. தட்டையான கொட்டைதான். உருண்டைக் கொட்டை மேசையிலிருந்து உருண்டு ஓடிவிடும் என்று சேர்க்கமாட்டார். நான் ஒரு எண்காட்டி வாங்கிக் கொடுத்தேன். மலை ஈரத்தில் இரண்டாவது மழைக்கே நின்றுவிட்டது. காப்பிக் கொட்டை நிற்கவில்லை.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் சத்யராஜ் வந்தார். அவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. அப்பா செய்த கிட்டார்களில் முதலில் வாசிக்க முடிந்ததை வாங்கியவர் அவர்தான். முடியாமல் நிற்பதும் அவருக்குத்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் கேக்கறதுக்கு வரலீங்க்கா," என்றார் அம்மாவிடம். "சேர்வராயன் கோயில் நோம்பிக்குக் கச்சேரி ஒத்துக்கிட்டேன். எங்கிட்ட வேற கிட்டார் இருக்குது. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான்."

"அவருகிட்ட இதுல வாசிக்கறதாத்தான சொன்னீங்க," என்றாள் அம்மா.

"சொன்னேனுங்க."

கிட்டாரை எடுத்து வந்து கட்டிலில் வைத்தேன். சில்வர் ஓக். ஏழு வருடம் பல்ப்பர் ஹவுஸ் பரணில் காய்ந்த பலகை. முதலில் தோற்ற மரத்தில் ஒன்று ஜெயித்துவிட்டு வேலையை விடுவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மேலே சாயம் இல்லை, வெறும் எண்ணெய்ப் பூச்சு. மரத்தின் புள்ளிகள் மீன் செதில்போல மின்னின. இரண்டு பிக்கப் பதித்தாகிவிட்டது. மூன்றாவதின் குழி காலியாக இருந்தது. சத்யராஜ் குழிக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"நான் முடிக்கறேனுங்க," என்றேன்.

"உனக்குத் தெரியுமா அம்முணி?"

"அப்பா எத்தன சுத்துன்னு எண்ணி வெச்சுருப்பாரு. மிச்சத்தச் சுத்தறதுதானுங்க."

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. என் யோசனை எதுவும் கலக்காமல், அவர் முடிவு செய்த எண்ணில், அவர் கிட்டாராகவே அது முடிய வேண்டும். டின்னில் மிச்சமிருக்கும் கொட்டைகளைப் பார்த்தால் போதும்.

மெஷின் மேலிருந்த துண்டை எடுத்தேன். காயில் அப்படியே இருந்தது. டின்னும் டம்ளரும் இல்லை.

"அம்மா, இங்கிருந்த டின்னு எங்க?"

"கழுவிக் கவுத்து வெச்சுருக்கறேன் கண்ணு. காரியத்துக்கு ஏனம் பத்தல."

"அதுல கொட்ட இருந்துச்சே?"

"ஆமா, ரெண்டுலயும் கொஞ்சம் கெடந்துச்சு. காரியத்துக்கு ரெண்டு கிலோ வறுத்தனில்ல, அதோட சேத்துப் போட்டுட்டேன். எதுக்கு?"

 சத்யராஜ் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம், அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அது அண்ணன் கணக்குக்கு வெச்ச கொட்டைங்க்கா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அட சாமீ... ஒம்போது வருசமா அந்தக் கொட்டையத் தொடாம கூட்டிப் பெருக்குனவ நானு. அன்னிக்கு எனக்கு எதுமே கண்ணுக்குத் தெரியல கண்ணு."

"பரவால்லம்மா."

"ஊரே குடிச்சுட்டுப் போயிருச்சே!"

"நான் ரெண்டு டம்ளர் குடிச்சேனுங்க," என்றார் சத்யராஜ். "எனக்கே ஒரு பத்து நூறு சுத்து உள்ள போயிருக்கும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா இறந்தபின் அன்றுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய், சமையலறையில் அழுதாள்.

மறுநாள் காலை காயிலை அளந்தேன். மூன்று பாயிண்ட் ஆறு மூன்று. கம்பியின் கனம், ஒரு சுற்றின் நீளம் இரண்டும் தெரியும். கணக்குப் போட்டால் ஐயாயிரத்து நூறு சுற்று. டம்ளரில் ஐம்பத்தொரு கொட்டைகள் இருந்திருக்க வேண்டும். ஆக, அவர் எதுவரை வந்தார் என்பது கிடைத்துவிட்டது. எதுவரை போக நினைத்தார் என்பது கிடைக்கவில்லை. முடித்த பிக்கப்புகளின் அடியில் எத்தனை நூறு சுற்று என்று பென்சிலில் எழுதுவது அவர் வழக்கம். கழுத்துப் பக்கம் 72, நடுவில் 74. மூன்றாவது அதைவிடக் கூடும். எவ்வளவு கூடும் என்பது மரத்தைப் பொறுத்தது. சில்வர் ஓக்குக்கு முன்கணக்கு கிடையாது. விரல்முட்டியால் உடலைத் தட்டிப் பார்த்தேன். பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

கம்பிச் சுருளும் தீரும் நிலையில் இருந்தது. சத்யராஜின் காரில் சேலத்துக்குப் போனேன். அதே கனத்தில் கம்பி வாங்க வேண்டும் என்பதால் காயிலையும் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு. காது அடைத்துத் திறந்தது. அடிவாரத்தில் கண்ணாடியை இறக்கியதும் சூடு முகத்தில் அடித்தது.

செவ்வாய்ப்பேட்டையில் அப்பா எப்போதும் கம்பி வாங்கும் கடை. கடைக்காரர் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுச் சுருளை எடுத்து வைத்தார். புதுக் கம்பியைச் சரிபார்க்கும்போது பழக்கத்தில் அப்பாவின் காயிலிலும் மீட்டரை வைத்தேன்.

மூன்று பாயிண்ட் எட்டு எட்டு.

திரும்ப வைத்தேன். அதே எண். காலையில் மூன்று பாயிண்ட் ஆறு மூன்று. வண்டியில் அடிபட்டுவிட்டதா? அடிபட்டுக் கம்பி அறுந்தால் எண்ணே காட்டாது. சுற்றுகள் ஒட்டிக்கொண்டால் குறையும். ஏற வழியில்லை.

"என்னங்கம்மா, ஏறிக் காட்டுதா?" என்றார் கடைக்காரர். "மேலிருந்து கொண்டாந்தா அப்படித்தானுங்க. செம்பு சூட்டுக்கு ஏறும். உங்கப்பா கேலி பேசுவாரு. 'எங்கூர்ல காயிலு போத்திக்கிட்டுப் படுத்திருக்கும், உங்கூர்ல வந்ததும் சட்டையக் கழட்டிரும்'பாரு."

என் புருவத்திலிருந்து வியர்வை மீட்டரின் மேல் சொட்டியது.

மார்கழி, ஏற்காடு, பதின்மூன்று டிகிரி. ஏப்ரல், சேலம், மின்விசிறிக்கு அடியில் முப்பத்தைந்து டிகிரி. அஞ்சு பாயிண்ட் எட்டு. ஆறு பாயிண்ட் மூன்று. கடையில் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. எட்டாயிரம் சுற்று. அவர் ஒரு சுற்றைக்கூட விடவில்லை.

நான் இப்போது வேலை செய்வது ஒரு தொழிற்சாலையில், அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில். வெப்பநிலையைக் குறிக்காத அளவு அளவே இல்லை என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் வருடா வருடம் சொல்கிறேன். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அந்த ஏப்ரல் நினைவுக்கு வரவில்லை.

வண்டி மலை ஏறத் தொடங்கியதும் சத்யராஜ் கேட்டார். "ஏன் அம்முணி பேச மாட்டீங்குற?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சுருக்குதுங்க."

"எது?"

சொன்னேன். அவர் கியரை மாற்றி இரண்டு வளைவுகள் ஏற்றினார். பிறகு, "மோட்டார் கட்டறவருக்குத் தெரியாமலா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்.

"போன வெச்சுட்டுச் சிரிச்சாரு. 'கீழ வெயிலு, அது கூடத்தான் காட்டும். புள்ள மறந்துட்டா'ன்னாரு. 'அதச் சொல்ல வேண்டியதுதானுங்க'ன்னேன். 'இன்னும் பத்து நாள்ல பரீட்ச எழுதப் போறவ. இப்பப் போயி நீ சொன்னது தப்புன்னு சொல்லச் சொல்றியா'ன்னாரு."

"பரீட்ச முடிஞ்சப்பறம் சொல்லிருக்கலாமில்ல?"

"நீயா கண்டுபுடிச்சுச் சொல்லுவேன்னு இருந்தாரு போல."

"அப்பறம் எதுக்கும்மா கொட்ட?"

"அவ சந்தேகப்பட்டுட்டா, இனி யாரு கேட்டாலும் எடுத்துக் காட்டறாப்பல இருக்கோணும்னாரு." அம்மா புளிச்சக்கையைப் பிழிந்து போட்டாள். "நீ கேக்கவே இல்ல."

நான் மெஷின் இருந்த அறைக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சுற்ற ஆரம்பித்தேன். சத்யராஜ் வந்திருந்தார். டின்னையும் டம்ளரையும் அம்மாவே பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அன்று காலையில் இருந்த குளிரையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டும் ஐம்பத்தொன்றுதான் வந்தது; டம்ளரில் ஐம்பத்தொரு கொட்டை எண்ணிப் போட்டேன். டின்னில் எத்தனை போடுவது என்று தெரியாததால் ஒரு கை அள்ளிப் போட்டேன். உருண்டைக் கொட்டை ஒன்று வந்து மேசையில் ஓடியது. அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அதத்தான் அவரு சேக்க மாட்டாரே," என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதுக் கம்பியின் முனையைப் பற்றவைத்துச் சுற்றினேன். கம்பி விரல்களுக்கு நடுவே ஓடும்போது இருப்பதே தெரியாது. இறுக்கினால் அறுந்துவிடும். விட்டால் குலையும். முதல் நூறுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அறுபதாவது கொட்டை விழும்போது கை பழகியிருந்தது. வெளியே மூட்டம் இறங்கி, சன்னலுக்கு அப்பால் மிளகுக்கொடி மட்டும் தெரிந்தது.

எழுபத்து நான்காவது கொட்டையில் நிறுத்தினேன். கம்பியை அறுக்காமல், ஓரிடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டித் தற்காலிகமாக இணைத்தேன். சத்யராஜ் காயிலைக் குழிக்குள் பிடித்துக்கொண்டார். ஆம்பைப் போட்டேன். அந்த வாடை வந்தது. கிட்டாரை மடியில் வைத்து, அப்பாவைப்போல ஆறு கம்பிகளையும் மீட்டி, உள்ளங்கையால் அடக்கினேன்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் சத்யராஜ். "கொஞ்சம் மெலிசோ?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே அம்மா அம்மியில் எதையோ வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் நிற்கவில்லை.

சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்துக் காயவிட்டு மறுபடி சுற்றினேன். எழுபத்தாறு. இணைத்தேன். மீட்டினேன்.

"இது நல்லாயிருக்குது அம்முணி. நிறுத்திக்கலாமே. பலாவுக்கெல்லாம் அண்ணன் எழுவத்தாறுதான் வெப்பாரு."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் ஆவல."

சத்யராஜும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"என்னம்மா ஆவல?"

"அது ஆவல கண்ணு. இன்னும் சுத்து."

முப்பது வருடம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவள். எந்த மரம், எத்தனை சுற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. பால் அடுப்பில் ஏறாத நாட்களில் அப்பா எதுவும் பேசாமல் காயிலைக் கழற்றி மறுபடி மெஷினில் மாட்டியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டில் எப்போதும் பால் இருந்தது என்பது இப்போதுதான் புரிந்தது.

எழுபத்தேழு. மீட்டினேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். எழுபத்தெட்டு. குழாய் நின்றது.  பிறகு மறுபடி தண்ணீர் ஓடியது. சத்யராஜ் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரைப்போல.

மெஷினைச் சுற்றினேன். நூறு எண்ணினேன். டின்னிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து டம்ளரில் போட்டேன். எழுபத்தொன்பது. சுரண்டினேன். இணைத்தேன். ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒருமுறை மீட்டினேன். உள்ளங்கையால் அடக்கினேன்.

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பில் பாத்திரம் வைக்கும் சத்தம்.

கம்பியை அறுத்தேன். மீட்டரை வைத்தேன். சன்னல் பக்கம் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தேன். அப்பாவின் பென்சிலை எடுத்து, காயிலின் அடியில் 79 என்று எழுதினேன். அதன் கீழே, அப்பாவிடம் போனில் சொல்வதுபோல மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: அஞ்சு பாயிண்ட் எட்டு இரண்டு, பதினெட்டு டிகிரியில்.